மக்காத பை: பாலித்தீனின் பலமும் குறையும் ஒன்றே

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய நெகிழிப்பை தொங்கிக்கொண்டிருக்கும். கடைக்குப் போய் வந்த பைகளை எல்லாம் அம்மா அதற்குள் திணித்து வைத்திருப்பார். அவற்றில் மெல்லிய பை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை ஏறக்குறைய 6 கிராம். அதில் 5 கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கலாம். அதாவது, தன் எடையைப் போல 800 மடங்குக்கும் மேற்பட்ட சுமையை அது தாங்குகிறது. மழையில் கரையாது. மீன் வாங்கினால் தண்ணீர் ஒழுகாது. உப்பும் புளியும் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவு நல்ல பையைத்தான் பினாங்கு மாநிலம் 2011 முதலும் சிலாங்கூர் 2017 முதலும் இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று சொல்லி, 20 சென் கட்டணம் விதித்தன. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை பையின் வேதியியலில் இருக்கிறது. எந்தக் குணம் அதை நமக்குப் பயனுள்ள பொருளாக்குகிறதோ, அதே குணம்தான் அதைத் தொல்லையாகவும் ஆக்குகிறது. எப்படி என்று பார்ப்போம்.

வாழைப்பழ வாயுவிலிருந்து பை வரை

காய் வாழைத்தாரோடு ஒரு பழுத்த பழத்தையும் சேர்த்து மூடி வைத்தால் காய்கள் சீக்கிரம் பழுக்கும். பழுத்த பழம் வெளிவிடும் எத்திலீன் என்ற வாயுதான் அதற்குக் காரணம். வேதியியல் பாடத்தில் இதை எத்தீன் என்று படிப்பீர்கள். இதன் மூலக்கூறு மிகச் சிறியது. இரண்டு கார்பன் அணுக்கள், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவே. இரண்டு கார்பன் அணுக்களும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். இரண்டு நண்பர்கள் எதிரெதிரே நின்று இரு கைகளையும் கோத்துக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வோர் இணையும் ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கையால் பக்கத்து இணையின் கையைப் பிடித்தால் என்ன ஆகும்? திடல் முழுக்க ஒரே சங்கிலி உருவாகும். எத்திலீன் மூலக்கூறுகளும் அப்படித்தான் ஆயிரக்கணக்கில் கைகோத்துக்கொள்கின்றன. இரட்டைப் பிணைப்புகள் ஒற்றைப் பிணைப்புகளாகி, கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும் நீண்ட சங்கிலி பிறக்கிறது. சிறு உறுப்புகள் பல சேர்ந்து உருவாவதால் இதைப் பல்லுறுப்பி என்கிறோம். எத்திலீன் பல சேர்ந்தது பாலி எத்திலீன். நம் வழக்கில் பாலித்தீன்.

ஒரு சங்கிலியில் 10,000 கார்பன் அணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அதன் பருமன் அதைவிட மிக மிகக் குறைவு. அந்தச் சங்கிலியை நீங்கள் சாப்பிடும் மீயின் பருமனுக்குப் பெரிதாக்கினால், ஒரே இழை 5 மீட்டருக்கு மேல் நீளும். அத்தகைய இழைகள் கோடானு கோடி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் உங்கள் கையில் உள்ள பை. அது எளிதில் அறுபடாததன் காரணம் இதுவே.

இதற்கான எத்திலீனை யாரும் வாழைப்பழத்திலிருந்து எடுப்பதில்லை. கடலடியிலிருந்து கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் ஈத்தேன் என்ற வாயு இருக்கிறது. அதை நீராவியோடு சேர்த்து 800 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கினால் உடைந்து எத்திலீன் ஆகும். நம் நாட்டில் இந்தப் பணி நடக்கும் முக்கிய இடம், திரெங்கானு மாநிலத்துக் கடலோரத்தில் இருக்கும் கெர்த்தே.

தற்செயலாகக் கிடைத்த மெழுகு

பாலித்தீனை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1898இல் ஹான்ஸ் வான் பெக்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வேறு ஒரு பொருளை ஆராய்ந்தபோது, குடுவையின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் தங்கியது. அதனால் என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

1933 மார்ச் மாதம், இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீனையும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்து, காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் சூடாக்கினர். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. கலத்தின் சுவரில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. மறுபடி செய்து பார்த்தபோது சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. ஒரு முறை கலமே வெடித்தது.

1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் தலைமையில் மீண்டும் முயன்றார்கள். கருவியில் கசிவு ஏற்பட்டதால் புதிய எத்திலீனைச் செலுத்த வேண்டியதாயிற்று. அந்த எத்திலீனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்திருந்தது. அந்தச் சிறிதளவு ஆக்சிஜன்தான் சங்கிலி வினையைத் தொடக்கி வைத்தது! காரணம் தெரிந்ததும் பாதை திறந்தது. 1939இல் வணிக உற்பத்தி தொடங்கியது.

நம் காட்டு மரத்தின் இடத்தில்

புதிய பொருளுக்கு முதலில் கிடைத்த வேலை பை ஆவது அல்ல, மின்கம்பிகளுக்கு உறை ஆவது. இந்த இடத்தில் கதை நம் மண்ணுக்கு வருகிறது.

மலாயாவிலும் போர்னியோவிலும் சுமத்ராவிலும் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து 'கெத்தா பெர்ச்சா' என்ற பொருள் கிடைத்தது. மலாய் மக்கள் அதைச் சுடுநீரில் மென்மையாக்கிப் பாராங் கத்திகளுக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாத, மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்று தெரிந்ததும், கடலடித் தந்திக் கம்பிகள் எல்லாம் அதைப் போர்த்திக்கொண்டன. அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் நம் காட்டு மரப்பால்தான் உறை.

ஆனால் பாலெடுக்க மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்திலிருந்து கிடைத்தது கொஞ்சமே. மரங்கள் மளமளவென்று அழிந்தன. சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து தாபான் சீக்கிரமே மறைந்தது. அந்தப் பாலுக்குப் பதிலாக ஆலையில் பிறந்த பொருள்தான் பாலித்தீன். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு அது உறையானது. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தொலைபேசிக் கம்பிக்கும் பாலித்தீனே உறை. நெகிழியை மரங்களின் எதிரி என்று நினைப்பவர்கள், அது மரங்களைக் காத்த காலமும் உண்டு என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஈர்க்குக் கட்டும் முட்கிளையும்

பாலித்தீன் ஒரே பொருள் என்றால், எண்ணெய்ப் பொட்டலம் மென்மையாகவும் சலவைத்தூள் திரவக் கலன் விறைப்பாகவும் இருப்பது எப்படி? விடை, சங்கிலியில் உள்ள கிளைகளில் இருக்கிறது.

விளக்குமாற்று ஈர்க்குகளை ஒன்றாகக் கட்டினால் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும். கட்டு கெட்டியாக இருக்கும். அதற்குப் பதிலாகக் கிளைகளோடு கூடிய குச்சிகளைக் கட்டிப் பாருங்கள். கிளைகள் இடிக்கும். கட்டு தளர்வாகவும் உப்பலாகவும் இருக்கும்.

உயர் அழுத்தத்தில் செய்த முதல் பாலித்தீன் இந்தக் கிளைக்குச்சி வகை. சங்கிலியில் ஆயிரம் கார்பனுக்குச் சுமார் 20 கிளைகள் இருக்கும். அதனால் சங்கிலிகள் நெருங்க முடியாது. இது அடர்த்தி குறைந்த பாலித்தீன். மென்மையானது, வளையக்கூடியது. 110 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும்.

1953இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், டைட்டானியமும் அலுமினியமும் அடங்கிய ஒரு வினையூக்கியைக் கொண்டு, சாதாரண அழுத்தத்திலேயே பாலித்தீன் செய்துகாட்டினார். இதில் சங்கிலிகள் ஏறக்குறைய கிளையே இல்லாமல் நேராக வளர்ந்தன. இது ஈர்க்குக் கட்டு வகை, அதாவது அடர்த்தி மிகுந்த பாலித்தீன். விறைப்பானது, உறுதியானது, 130 பாகை செல்சியஸ் அளவில் உருகுவது. இத்துறையில் செய்த பணிக்காக சீக்லருக்கும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனத்தில் பால் ஹோகன், ராபர்ட் பேங்க்ஸ் இருவரும் 1951இலேயே குரோமியம் வினையூக்கியால் இதே வகைப் பொருளைச் செய்திருந்தார்கள். அதை வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கியபோது கைகொடுத்தது எது தெரியுமா? 1958இல் அமெரிக்கச் சிறுவர்களைப் பைத்தியமாக்கிய 'ஹூலா ஹூப்' என்ற இடுப்பு வளையம்!

செய்து பாருங்கள்

1. புட்டி, கலன், பை ஆகியவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன். 4 என்றால் அடர்த்தி குறைந்தது. வீட்டில் எத்தனை கிடைக்கின்றன என்று எழுதுங்கள்.

2. ஒவ்வொன்றிலும் சிறு துண்டு வெட்டி நீரில் அமிழ்த்தி விடுங்கள். 2, 4, 5 ஆகிய எண்களின் துண்டுகள் மேலே வரும். குடிநீர்ப் புட்டியின் துண்டு (எண் 1) மூழ்கும். பாலித்தீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு.

3. பையைக் கசக்கிக் கேளுங்கள். சரசரவென்று சத்தமிட்டால் பெரும்பாலும் அடர்த்தி மிகுந்த வகை. பட்டுப்போல் மென்மையாக இருந்தால் மற்றது.

4. பையிலிருந்து விரலகலப் பட்டை ஒன்றை வெட்டி மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் சட்டென்று மெலிந்து, நீண்டு, பிறகு இறுகும். பின்னிக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாக நிற்பதே அந்த இறுக்கத்துக்குக் காரணம்.

ஓர் எச்சரிக்கை: எந்த நெகிழியையும் எரித்துச் சோதிக்க வேண்டாம். இன்னொன்று: கடையில் சூடான தே தாரிக் கட்டிக்கொடுக்கும் தெளிவான பை பொதுவாகப் பாலித்தீன் அல்ல. அது 160 பாகை அளவில் உருகும் பாலிப்புரோப்பிலீன், அதாவது எண் 5. மெல்லிய பாலித்தீன் பைக்குள் கொதிக்கும் உணவை ஊற்றுவது நல்லதல்ல.

எங்கே எல்லாம் இருக்கிறது?

வீட்டுக் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, தெருவோரம் பதிக்கும் கறுப்புக் குடிநீர்க் குழாய், பால் பெட்டியின் உட்பூச்சு ஆகியவற்றில் எல்லாம் பாலித்தீன் உண்டு. செம்பனைத் தோட்டத்து நாற்றங்கால்களில் கன்றுகள் நிற்கும் கறுப்புப் பையும் பாலித்தீனே. பையையும் குழாயையும் கறுப்பாக்குவது அழகுக்காக அல்ல. அதில் சேர்த்திருக்கும் கரித்தூள், வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு சங்கிலிகள் அறுபடாமல் காக்கிறது.

சங்கிலியை இன்னும் நீட்டி, பல பத்து லட்சம் மூலக்கூறு நிறை வரை கொண்டுபோனால், தேய்மானத்தைத் தாங்கும் சிறப்புப் பாலித்தீன் கிடைக்கும். உங்கள் பாட்டிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அவருடைய முழங்காலுக்குள் குருத்தெலும்பின் வேலையைச் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவச உடையிலும் அந்த இழை இருக்கிறது.

மூட்டுக்குள் இருபது ஆண்டு, குழாயில் ஐம்பது ஆண்டு என்று நீடித்து உழைக்க வேண்டிய இடங்கள் இவை. அங்கே அழியாத தன்மை ஒரு வரம்.

1965இல் சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்பவரின் வடிவமைப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரே குழல் படலத்தை மடித்து, ஒட்டி, வெட்டிக் கைப்பிடியோடு செய்த அந்தப் பைதான் இன்று நாம் கடையில் வாங்குவது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், ஒரே பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே தம் தந்தையின் எண்ணம் என்று பின்னாளில் அவருடைய மகன் கூறினார். நாமோ அதை இருபது நிமிடம் பயன்படுத்திவிட்டு வீசுகிறோம்.

ஏன் மக்குவதில்லை?

வாழையிலை ஏன் மக்குகிறது? நுண்ணுயிர்கள் நொதி என்ற கத்தரிக்கோலால் அதன் பெரிய மூலக்கூறுகளை வெட்டித் தின்கின்றன. மாவுப்பொருள், நார்ப்பொருள், புரதம் எல்லாவற்றின் சங்கிலியிலும் இடையிடையே ஆக்சிஜனோ நைட்ரஜனோ சேர்ந்த மூட்டு இருக்கும். கத்தரிக்கோல் வெட்டுவது அந்த மூட்டில்தான்.

பாலித்தீன் சங்கிலியில் அப்படி மூட்டே இல்லை. முதலிலிருந்து கடைசி வரை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீர் அதில் ஒட்டாது. சங்கிலியோ ஒரு நுண்ணுயிரின் வாய்க்குள் போகாத நீளம். மீன் தண்ணீரும் புளியும் பையை ஒன்றும் செய்யாததற்கு எது காரணமோ, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதை ஒன்றும் செய்யாததற்கு அதுவே காரணம்.

வெயில் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்கும். கொல்லையில் கிடந்த பை தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது மக்கவில்லை, துண்டானது. துண்டுகள் சிறிதாகிச் சிறிதாகிக் கண்ணுக்குத் தெரியாத நுண்நெகிழி ஆகின்றன. 'தானே சிதையும் பை' என்று விற்கப்பட்ட சில வகைகளில் இந்த உதிர்தலை விரைவுபடுத்தும் வேதிப்பொருளைச் சேர்த்திருந்தார்கள். அத்தகைய பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடை செய்தது.

2018இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். வெயில்பட்டுச் சிதையும் பாலித்தீன் சிறிதளவு மீத்தேனையும் எத்திலீனையும் வெளிவிடுகிறது. புறப்பட்ட வாயு மறுபடி எட்டிப் பார்க்கிறது!

சாக்கடையிலிருந்து கடலுக்கு

பாலித்தீன் மிதக்கும் என்று செய்து பார்த்தீர்கள் அல்லவா? அந்தச் சிறிய உண்மைக்குப் பெரிய விளைவு உண்டு. அடைமழையில் தெருவில் கிடக்கும் பை சாக்கடையில் மிதந்து போய், சல்லடையில் படலமாக ஒட்டிக்கொள்ளும். நீர் வடிய வழியில்லாமல் திடீர் வெள்ளம் ஏறும். தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். அடைபடாமல் தப்பிய பை ஆற்றின் வழியே கடலுக்குப் போகும். நீரில் மிதக்கும் தெளிவான பை ஆமைக்கு இழுதுமீன் போலத் தெரிகிறது. விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும்.

2015 வரை உலகம் உற்பத்தி செய்த நெகிழி மொத்தம் 830 கோடி டன் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் கழிவானது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சி ஆனது 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. மிச்சம் 79 விழுக்காடு குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. எல்லா நெகிழிகளிலும் அதிகம் உற்பத்தியாவது பாலித்தீனே.

உருக்கினால் மீண்டும் பயன்படும் பொருளை ஏன் மறுசுழற்சி செய்வதில்லை? விறைப்பான கலன்களைச் செய்கிறார்கள். பைதான் சிக்கல். அது மெல்லியது, எண்ணெயும் குழம்பும் ஒட்டியது, பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொள்வது. கழுவிப் பிரிக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிடக் கூடிவிடுகிறது.

அந்தச் செலவை மற்றவர் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை நாம் நேரில் பார்த்தோம். 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், பணக்கார நாடுகளின் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் பகுதியில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. உதவாத கழிவைத் திறந்த வெளியில் எரித்தார்கள். சுத்தமான பாலித்தீனில் குளோரின் இல்லை. ஆனால் கலப்புக் கழிவில் மற்ற நெகிழிகளும் சாயங்களும் இருப்பதால் எழும் புகை நச்சுப் புகை. அக்கம்பக்கத்து மக்கள் மூச்சுவிடத் திணறிப் புகார் செய்தார்கள். அரசு ஆலைகளை மூடியது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2021 தொடக்கம் முதல், பாசல் உடன்படிக்கையின் புதிய விதிப்படி, கலப்பு நெகிழிக் கழிவை அனுப்பும் நாடு பெறும் நாட்டின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

புழு வந்து காப்பாற்றுமா?

ஸ்பெயினில் தேனீ வளர்த்த ஃபெடரிக்கா பெர்டோக்கினி என்ற உயிரியலாளர், தேனடையில் இருந்த மெழுகுப்புழுக்களைப் பொறுக்கி ஒரு நெகிழிப்பையில் போட்டார். சற்று நேரத்தில் பையில் ஓட்டைகள்! தேன்மெழுகிலும் நீண்ட கார்பன் சங்கிலிகள்தான் உள்ளன. 2017இல் வெளியான ஆய்வின்படி 100 புழுக்கள் 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் பையைக் குறைத்தன. அது உண்மையில் செரித்ததா, வெறுமனே கடித்ததா என்று வேறு அறிவியலாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். 2022இல் புழுவின் உமிழ்நீரில் பாலித்தீனை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதிகள் இருப்பதாக அவர் குழு அறிவித்தது.

நல்ல செய்திதான். கணக்கையும் போட்டுப் பாருங்கள். 6 கிராம் பை ஒன்றைத் தீர்க்க அந்த 100 புழுக்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உலகிலுள்ள பைகளுக்காகப் புழுவை நம்பிக் காத்திருக்க முடியாது.

காகிதமா, துணியா?

அப்படியானால் துணிப்பை வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா? பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமடைதலை மட்டும் வைத்து பைகளை ஒப்பிட்டது. ஒரே முறை பயன்படுத்தும் மெல்லிய பாலித்தீன் பைக்கு ஈடாக, காகிதப் பையை 3 முறையும், தடித்த பாலித்தீன் பையை 4 முறையும், நெய்யாத பாலிப்புரோப்பிலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் அவ்வளவு நீரும் ஆற்றலும் செலவாகிறது. மெல்லிய பையைக் கடைசியில் குப்பைத்தொட்டிக்கு உள்பையாகப் பயன்படுத்தினால், பருத்திப் பைக்கான எண்ணிக்கை 327 ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் ஆமையும் அடைபட்ட சாக்கடையும் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சேர்த்தால் மெல்லிய பையின் மதிப்பெண் குறையும். ஆயினும் ஒன்று தெளிவாகிறது. பை எதனால் ஆனது என்பதைப் போலவே, எத்தனை முறை பயன்படுகிறது என்பதும் முக்கியம். விழாவுக்கு விழா இலவசமாகக் கிடைத்த துணிப்பைகள் அலமாரியில் தூங்கினால் சுற்றுச்சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை.

பாலித்தீனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பல்லாண்டுகள் உழைக்க வேண்டிய குழாய்க்கும் தொட்டிக்கும் மூட்டுக்கும் அது ஏற்ற பொருள். இருபது நிமிட வேலைக்கு, நம் ஆயுளைவிட நீண்டு கிடக்கும் பொருளை எடுப்பதுதான் நம் பிழை.

இன்று மாலை அந்தக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பையைக் கீழே இறக்கி, உள்ளே எத்தனை பைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டை மடித்துப் பள்ளிப்பையின் பக்கவாட்டில் வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் "பை வேணுமா?" என்று கேட்கும்போது, உங்கள் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அந்தப் பை அது எத்தனையாவது முறை வெளியே வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். பள்ளி விடுமுறைக்குள் எத்தனை கோடு வருகிறது என்று பார்ப்போம்.